அகாடியர்கள் போன வழி, திரும்பிய வழி

சனிக்கிழமை, ஹாலிஃபாக்ஸ்

ஹாலிஃபாக்ஸ் வருகிறவர்கள் முதலில் குன்றின் மேலுள்ள கோட்டைக்குப் போவார்கள். நாங்கள் செயின்ட் பால் தேவாலயத்துக்குப் போனோம். 1750இல் எழுப்பிய வெள்ளை மரக் கட்டடம். இந்த நகரத்தில் இன்று நிற்கும் கட்டடங்களில் இதுதான் மிகப் பழையது. இதன் தரைக்கு அடியில் சார்ல்ஸ் லாரன்ஸ் என்ற பிரிட்டிஷ் கவர்னரைப் புதைத்திருக்கிறார்கள். "லீவு போட்டுட்டு வந்து முதல் வேலையா கல்லறையா?" என்றாள் அக்கா. இந்த வாரம் முழுக்கக் கார் ஓட்டப் போகிறவள் அவள் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

லாரன்ஸும் அவருடைய ஆலோசனை சபையும் 1755 ஜூலை 28 அன்று இந்த ஊரில் உட்கார்ந்து ஒரு முடிவெடுத்தார்கள். இன்று கனடாவின் மாகாணமாக இருக்கும் நோவா ஸ்கோஷியாவில் அப்போது இருந்த பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கக் குடியானவர்களை, அதாவது அகாடியர்களை, ஒருவர் மிச்சமில்லாமல் கப்பலேற்றிவிட வேண்டும். அப்போது அகாடியர்கள் சுமார் 14,000 பேர். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களைத் தேடிப் பிடிக்கும் வேலை 1763 வரை நடந்தது.

பின்னணி இதுதான். 1630களிலிருந்து பிரான்சிலிருந்து குடும்பங்கள் வந்து இங்கே குடியேறின. 1713இல் யூட்ரெக்ட் உடன்படிக்கைப்படி இந்த நிலம் பிரிட்டன் கைக்குப் போனது. மக்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள். மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொன்னபோது, "எடுக்கிறோம், ஆனால் பிரான்சுக்கு எதிராகவோ மிக்மாக் பழங்குடியினருக்கு எதிராகவோ ஆயுதம் தூக்க மாட்டோம்" என்றார்கள். 1730இல் ரிச்சர்ட் பிலிப்ஸ் என்ற கவர்னர் அதை வாய்மொழியாக ஒப்புக்கொண்டார். காகிதத்தில் எழுதவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் அந்த வாய்மொழியை நம்பியே காலம் ஓடியது.

1755 ஜூனில் பிரெஞ்சுக்காரர்களின் போசெஜூர் கோட்டையை பிரிட்டிஷார் பிடித்தபோது, உள்ளே ஆயுதத்தோடு சில நூறு அகாடியர்கள் இருந்தார்கள். கட்டாயப்படுத்தி நிறுத்தினார்கள் என்றார்கள் அவர்கள். லாரன்ஸுக்கு அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது. அவர் பக்கமும் பயம் இருந்தது, போர் வரப்போகிறது என்பதும் உண்மைதான். ஆனால் அவர் பிற காலனிகளின் கவர்னர்களுக்கு எழுதிய சுற்றறிக்கையைப் படித்தால் பயத்தைவிட ஏற்பாடுதான் அதிகம் தெரிகிறது: இவர்களைப் பிரித்துப் பிரித்துப் பல காலனிகளில் இறக்கினால் மறுபடி ஒன்றுசேர முடியாது. அந்தக் கடிதத்தை முன்கூட்டி அனுப்பவும் இல்லை. அகாடியர்கள் வந்த கப்பலோடுதான் கடிதமும் வந்து சேர்ந்தது. எச்சரிக்கையாக நடந்துகொள்ளுங்கள் என்று லண்டனிலிருந்து எழுதிய கடிதம் இங்கே வருவதற்குள் பெரும்பாலான கப்பல்கள் கிளம்பிவிட்டன.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் கிராண்ட் ப்ரே என்ற ஊர் வரை போய்விட்டுத் திரும்பிவிடுவார்கள். அங்கே நல்ல நினைவகம் இருக்கிறது. நான் அதையும் தாண்டித் தெற்குமுனையில் பப்னிகோ வரை போக ஆசைப்படுகிறேன். அங்கே தாந்த்ரமோன் என்ற குடும்பம் 1653இல் குடியேறியது. துரத்தப்பட்டது, திரும்பியது, இன்னும் இருக்கிறது. போனதை எல்லாரும் எழுதுகிறார்கள். திரும்பி வந்தபோது என்ன கிடைத்தது என்று பார்க்கத்தான் எனக்கு இந்தப் பயணம்.

ஞாயிற்றுக்கிழமை, ஜார்ஜஸ் தீவு

துறைமுகத்துக்கு நடுவில் ஒரு பச்சைத் திட்டு. கரையிலிருந்து பார்த்தால் நீந்தியே போய்விடலாம் போல் இருக்கும். பல காலம் பொதுமக்களை விடாமல் வைத்திருந்து, 2020இல்தான் திறந்தார்கள். வார இறுதியில் மட்டும் படகு. தீவில் பாம்பு நிறைய என்று படகிலேயே சொல்லிவிட்டார்கள். விஷமில்லாத சின்னப் பாம்புகள்தான். அக்கா அதைக் கேட்டபின் புல்லில் கால் வைக்கவில்லை.

இங்கே வருகிறவர்கள் சுரங்கப் பாதைகளையும் பீரங்கிகளையும் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதெல்லாம் பிற்காலத்தவை. 1755 முதல் 1763 வரை இது அகாடியர்களை அடைத்து வைத்த இடம். கப்பல் வரும்வரை காத்திருக்கும் கொட்டடி என்று சொல்லலாம். நடந்து சுற்றினால் அரை மணி நேரம்கூட ஆகாது. மழைக்கு ஒதுங்க மரம் அதிகமில்லை. காற்று அடித்துக்கொண்டே இருக்கிறது. செப்டம்பரிலேயே எனக்குக் காது வலித்தது. இங்கே குளிர்காலம் கழித்தவர்கள் இருந்தார்கள்.

தாந்த்ரமோன் வம்சம் இந்தத் தீவிலும் தட்டுப்படுகிறது. அவர்கள் இருந்த கேப் சேபிள் பகுதி ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒதுக்குப்புறமானது. அதனால் 1755இல் தப்பித்தார்கள். 1756 ஏப்ரலில் முதல் தாக்குதல் வந்தது. அதை பப்னிகோ போனபின் எழுதுகிறேன். அதில் சிக்காமல் காட்டுக்குள் ஒளிந்தவர்கள் 1758 செப்டம்பரில் பாஸ்டனுக்கு ஒரு மனு அனுப்பினார்கள். சுமார் நாற்பது குடும்பங்கள். "உங்கள் மாகாணத்திலேயே எங்காவது எங்களை வாழ விடுங்கள், வரி கட்டுகிறோம், பிரான்சுக்கு எதிரான போருக்கும் உதவுகிறோம்" என்று கேட்டார்கள். மாசசூசெட்ஸ் கவர்னர் பவ்னல் இரக்கப்பட்டார். காரியம் நடக்கவில்லை. அதே இலையுதிர் காலத்தில் மேஜர் ரோஜர் மாரிஸ் என்பவர் படையோடு போய் வீடுகளைக் கொளுத்தி, பிடிபட்டவர்களை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தார். தெசாங்க்ளாவ் என்ற வயதான பாதிரியாரும் அவர்களில் ஒருவர். மிச்சமிருந்தவர்கள் 1759இல் தாங்களாகவே வந்து சரணடைந்தார்கள்.

அந்தக் கேப் சேபிள் கைதிகளைக் கப்பலில் ஏற்றி 1760 ஜனவரியில் பிரான்சின் ஷெர்பூர் துறைமுகத்தில் இறக்கினார்கள். ஷெர்பூர் நார்மண்டியில் இருக்கிறது. தாந்த்ரமோன் வம்சத்தின் முதல் மனிதர் ஃபிலிப் மியூஸ் தாந்த்ரமோன் 1651இல் கிளம்பி வந்ததும் நார்மண்டியிலிருந்துதான். நூறு ஆண்டு கழித்து அந்த வம்சத்தினர் சிலர் பூட்டனின் ஊர்ப் பக்கமே வந்து இறங்கினார்கள், அரசாங்கம் தரும் படிக்காசை எதிர்பார்க்கும் அகதிகளாக. சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பினோம் என்று யாராவது சொன்னால் அது எவ்வளவு அபத்தம் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

திங்கட்கிழமை, வின்ட்சர்

ஹாலிஃபாக்ஸிலிருந்து வின்ட்சர் ஒரு மணி நேரத்துக்குள். அகாடியர் காலத்தில் இதற்குப் பெயர் பிசிகிட். குன்றின் மேல் கறுத்த மரத்தில் ஒரு காவல் வீடு நிற்கிறது. எட்வர்ட் கோட்டையில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். 1750இல் கட்டியது. வட அமெரிக்காவில் இந்த மாதிரிக் கட்டடங்களில் மிகப் பழையது. பூட்டியிருந்தது. வெளியே சுற்றிப் பார்த்தோம், பத்து நிமிடம்.

கீழே ஏவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இந்தக் கோட்டையில்தான் பிரிட்டிஷ் படையின் கேப்டன் மரே இந்தப் பகுதி ஆண்களைக் கூட்டி வைத்து ஆணையைப் படித்தார் என்று அக்காவிடம் சொன்னேன். "எல்லா ஊர்லயும் ஒரே நாளா?" என்றாள். எல்லா ஊரிலும் இல்லை. 1755 செப்டம்பர் 5, வெள்ளிக்கிழமை. இங்கேயும் கிராண்ட் ப்ரேயிலும் ஒரே நாள், பிற்பகல் மூன்று மணி. பக்கத்து ஊருக்குச் செய்தி போய்விடக் கூடாது அல்லவா. இந்தக் கோட்டை பற்றி இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. நாளைக்குக் கிராண்ட் ப்ரே கரைகளைப் பார்த்தபின் சொன்னால்தான் அது புரியும்.

செவ்வாய்க்கிழமை, கிராண்ட் ப்ரே

காலையில் முதலில் கடலைப் பார்த்தோம். பார்த்தது கடலைத்தானா என்று தெரியவில்லை, கண்ணுக்கெட்டியவரை செம்மண் சேறு. ஃபண்டி விரிகுடாவின் ஓதம் உலகிலேயே மிக உயரமானது. இந்த மைனஸ் படுகைப் பக்கம் 16 மீட்டர் வரை ஏறி இறங்கும். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்துக்கு வந்தோம். சேறு இருந்த இடத்தில் அலை அடித்தது.

இந்த ஓதத்தோடு மல்லுக்கட்டி நிலம் எடுத்தவர்கள் அகாடியர்கள். 1680களில் போர் ராயல் என்ற பழைய அகாடிய ஊரிலிருந்து பியேர் மெலான்சோன் என்பவரின் குடும்பம் வந்து இங்கே தொடங்கியது. காட்டை வெட்டி வயல் செய்வதை விட்டுவிட்டு, உவர்ச் சதுப்பைச் சுற்றிக் கரை போட்டார்கள். வேரும் புல்லுமாக இருக்கும் சதுப்பு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிய கரை. கரைக்கு அடியில் மரத்தால் செய்த மதகு, அதற்கு அபுவாதோ என்று பெயர். மதகுக்குள் ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் தொங்கு கதவு. ஓதம் வற்றும்போது உள்ளே தேங்கிய மழைநீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். ஓதம் ஏறும்போது கடல்நீரே அந்தக் கதவை அழுத்தி மூடிவிடும். ஆள் நிற்க வேண்டாம், திறந்து மூட வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டு மழையில் மண்ணிலிருந்த உப்பு கரைந்து போனதும் கோதுமை விதைக்கலாம். எரு போடாமலே விளையும். அப்படி இங்கே மீட்ட நிலம் சுமார் 1,300 ஹெக்டேர். இன்றும் விளைகிறது. கரையைப் பராமரிக்க நிலக்காரர்களின் அமைப்பு ஒன்று இன்றும் வேலை செய்கிறது. 2012இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது நினைவகம் மட்டுமல்ல, இந்த வயல்வெளியும் சேர்த்துத்தான்.

சரி, நினைவகம். இப்போதிருக்கும் தேவாலயம் 1922இல் நினைவுக்காகக் கட்டியது. பழைய செயின்ட் சார்ல்ஸ் தேவாலயம் இந்த இடத்தில் எங்கோ இருந்தது. முன்னால் ஒரு பெண் சிலை, 1920இல் வைத்தது. எவாஞ்சலின் என்ற அந்தப் பெண் ஒரு நெடுங்கவிதையில் வரும் கற்பனைப் பாத்திரம். வந்தவர்கள் எல்லாரும் அவளோடுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கற்பனைப் பாத்திரத்துக்குச் சிலை இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் ரெனே லெப்ளாங் போன்ற நிஜ மனிதர்கள் இங்கே வாழ்ந்தார்கள். அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

1755 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ்காரரான லெப்டினன்ட் கர்னல் ஜான் வின்ஸ்லோ படையோடு இங்கே வந்தார். பாதிரியார் வீட்டில் தங்கிக்கொண்டு, தேவாலயத்தைச் சுற்றி மர வேலி அடைத்தார். அது அறுவடைக் காலம். அறுவடை முடியட்டும் என்று காத்திருந்தார். செப்டம்பர் 5 அன்று பத்து வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் எல்லாரும் தேவாலயத்துக்கு வர வேண்டும் என்று உத்தரவு. 418 பேர் வந்தார்கள். கதவை அடைத்துவிட்டு, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு வாசித்தார்: நிலம், வீடு, கால்நடை எல்லாம் மன்னருக்குச் சொந்தம், பணமும் வீட்டுச் சாமானும் எடுத்துக்கொள்ளலாம், நீங்கள் இந்த மாகாணத்தைவிட்டு அகற்றப்படுவீர்கள்.

இவ்வளவும் நமக்குத் தெரிவது வின்ஸ்லோவே நாள்தோறும் எழுதிவைத்த குறிப்பேட்டால். இந்த வேலை தன் சுபாவத்துக்கு மிகவும் ஒவ்வாதது என்று அவரே அந்தக் கூட்டத்தில் சொன்னார். நான் அதை நம்புகிறேன். நம்புவதால் எனக்கு அவர்மேல் கோபம் குறையவில்லை, கூடுகிறது.

செப்டம்பர் 10 அன்று கைதிகளிடம் ஏதோ சலசலப்பு தெரிந்தது. 230 பேரை, அதில் பெரும்பாலும் மணமாகாத இளைஞர்களை, உடனே கப்பலுக்கு அனுப்பத் தீர்மானித்தார். அப்பாக்கள் இல்லாமல் போக மாட்டோம் என்றார்கள் பையன்கள். அந்தச் சொல் எனக்குப் புரியாத சொல், மன்னர் ஆணையே ஆணை என்று பதில். துப்பாக்கி முனையில் நடத்தினார்கள். தேவாலயத்திலிருந்து கரைக்கு ஒன்றரை மைல். ஜெபித்துக்கொண்டும் பாடிக்கொண்டும் அழுதுகொண்டும் போனார்கள், வழிநெடுகப் பெண்களும் குழந்தைகளும் எதிரே வந்தார்கள் என்று வின்ஸ்லோ எழுதியிருக்கிறார். நாங்களும் ஹார்ட்டன் கரை வரை போனோம். அங்கே ஒரு இரும்புச் சிலுவை இருக்கிறது. இரு பக்கமும் சோளக்கொல்லை, தூரத்தில் மாடுகள். ரொம்ப அழகான இடம், அதுதான் சங்கடமாக இருந்தது.

கப்பலில் டன்னுக்கு இரண்டு பேர் என்று கணக்கு. பல கப்பல்களில் அதையும் மீறி ஏற்றினார்கள். குடும்பங்களைப் பிரிக்கக் கூடாது என்று உத்தரவு இருந்தது. ஆனால் ஆண்களை முதலில் ஏற்றி, பெண்களையும் குழந்தைகளையும் ஒரு மாதம் கழித்து அவசர அவசரமாக ஏற்றினால் எது எங்கே போகும்? இனி லெப்ளாங் கதை. கிராண்ட் ப்ரேயின் பத்திரம் எழுதுபவர், பிரிட்டிஷாருக்கு வேண்டியவர். அவர்களுக்கு வேலை செய்ததற்காகவே பிரெஞ்சுத் தரப்பில் பிடித்துவைக்கப்பட்டுச் சிறையிருந்தவர். பென்சில்வேனியாவுக்கு நாடு கடத்தப்பட்ட அகாடியர்கள் பின்னால் மன்னருக்கு எழுதிய மனுவில் அவரைக் குறிப்பிடுகிறார்கள்: இருபது பிள்ளைகள், சுமார் நூற்றைம்பது பேரப்பிள்ளைகள், எல்லாரும் வெவ்வேறு காலனிகளில் சிதறினார்கள். அவரை மனைவியோடும் கடைசி இரண்டு பிள்ளைகளோடும் நியூயார்க்கில் இறக்கிவிட்டார்கள். பிலடெல்பியா வந்து இன்னும் மூன்று பிள்ளைகளைக் கண்டுபிடித்தார். அவ்வளவுதான், அங்கேயே இறந்துபோனார். விசுவாசத்துக்கு அவருக்குக் கிடைத்த சலுகை எதுவும் இல்லை.

அக்கா கரைமேல் நடந்தபடி கேட்டாள்: "சரிடா, இவ்ளோ நிலத்தையும் அப்புறம் யாரு எடுத்துக்கிட்டாங்க?"

நேற்று பாதியில் விட்டது இதைத்தான். லாரன்ஸ் நியூ இங்கிலாந்திலிருந்து ஆட்களை வரவழைத்தார். 1760 முதல் வந்து குடியேறினார்கள். மொத்தம் எட்டாயிரம் பேர் வரை வந்திருப்பார்கள், பிளான்டர்கள் என்று சொல்வார்கள். ஆனால் அவர்கள் வருவதற்குச் சில மாதம் முன்னால், 1759 நவம்பரில், பெரும் புயலில் கரைகள் உடைந்து வயலுக்குள் கடல் புகுந்துவிட்டது. வந்தவர்கள் நல்ல விவசாயிகள்தான், ஆனால் கடலைத் தடுத்துக் கரை போடத் தெரியாது. என்ன செய்தார்கள்? எட்வர்ட் கோட்டையில் அடைத்து வைத்திருந்த அகாடியக் கைதிகளைக் கூட்டிவந்தார்கள். தாங்களோ தங்கள் அப்பாக்களோ கட்டிய கரைகளை, இப்போது வேறொருவருக்குப் பட்டா போட்டுக் கொடுத்த நிலத்துக்காக, கூலிக்கு அடைத்துக் கொடுத்தார்கள். இந்தத் திறமைக்காகவே இவர்களை அனுப்பாமல் இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்க அனுமதி கேட்டு அதிகாரிகள் மேலிடத்துக்கு எழுதினார்கள்.

கப்பல்கள், தீ, பிரிவு எல்லாம் படித்துவிட்டு வந்தவன் நான். இந்த ஒரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

கடைசியாக ஒன்று. வின்ஸ்லோவின் தம்பி எட்வர்ட், அமெரிக்கப் புரட்சியில் மன்னர் பக்கம் நின்றதால் சொந்த ஊரை இழந்து, 1784இல் ஹாலிஃபாக்ஸில் அகதியாக இறந்தார்.

புதன்கிழமை, அன்னாபோலிஸ் ராயல்

ஆப்பிள் தோட்டங்கள் வழியாக இரண்டு மணி நேர ஓட்டம். வழியில் பழக்கடையில் நிறுத்தி ஒரு மூட்டை ஆப்பிள் வாங்கினோம், இன்னும் தீரவில்லை.

இதுதான் பழைய போர் ராயல். 1710இல் பிரிட்டிஷார் பிடித்துப் பெயரை மாற்றினார்கள். புல் மூடிய கோட்டை மேடு, கீழே ஆறு. இங்கே நாடுகடத்தும் பொறுப்பு மேஜர் ஜான் ஹேண்ட்ஃபீல்டுக்கு. அவருடைய மாமியார் அகாடியப் பெண்மணி. அதாவது மனைவியின் சொந்தக்காரர்களைத்தான் அவர் கப்பலேற்ற வேண்டியிருந்தது, ஏற்றினார். 1755 டிசம்பர் 8 அன்று கப்பல்கள் கிளம்பின.

அதில் பெம்ப்ரோக் என்ற கப்பலில் 232 பேர். வட கரோலினாவுக்குப் போக வேண்டியது. கப்பலில் இருந்த சார்ல்ஸ் பெலிவோ தச்சர், கப்பல் வேலை தெரிந்தவர். புயலில் மற்ற கப்பல்களைவிட்டு விலகியதும் கைதிகள் மாலுமிகளை மடக்கிப் பிடித்தார்கள். மேல்தட்டுக்குக் காற்று வாங்க ஆறு ஆறு பேராக விடும் வழக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். பெலிவோ சுக்கானைப் பிடித்துத் திருப்பினார். முதலில் செயின்ட் மேரீஸ் விரிகுடா, பிறகு செயின்ட் ஜான் ஆறு. அங்கே கப்பலைக் கொளுத்திவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டார்கள். 1755இல் கிளம்பிய கப்பல்களில் இப்படித் திரும்பியது இது ஒன்றுதான். அக்காவுக்கு இந்தப் பயணத்தில் இதுவரை பிடித்த ஒரே ஆள் பெலிவோ.

வியாழக்கிழமை, செயின்ட் மேரீஸ் விரிகுடா

கடற்கரையை ஒட்டியே ஒரே சாலை, ஊர் முடிவதும் அடுத்த ஊர் தொடங்குவதும் தெரியாது. வீட்டுக்கு வீடு அகாடியக் கொடி: பிரெஞ்சு மூவர்ணத்தில் நீலப் பட்டையில் ஒரு மஞ்சள் நட்சத்திரம். 1884இல் ஏற்றுக்கொண்ட கொடி. 1764இல் பிரமாணம் எடுத்தால் திரும்பி வரலாம் என்று அனுமதி கொடுத்தார்கள், ஆனால் ஒரே இடத்தில் சேர்ந்து இருக்கக் கூடாது. பழைய வயல்களில் வேறு ஆள் வந்தாயிற்று. 1768இலிருந்து இந்தப் பாறைக் கரைக்கு வந்து குடியேறினார்கள். விவசாயிகளாகப் போனவர்கள் மீனவர்களாக ஆனார்கள்.

பெலிவோஸ் கோவ் பக்கம் ஒரு சின்னக் கல்லறையும் குட்டித் தேவாலயமும் உண்டு. 1755 குளிர்காலத்தில் ஓடி ஒளிந்தவர்கள் அங்கே இறந்தார்கள். சர்ச் பாயின்ட்டில் 1905இல் முடித்த பெரிய மரத் தேவாலயம், 56 மீட்டர் உயரம். சில ஆண்டுகளாகப் பூசை இல்லை.

மதியம் ராப்யூர் சாப்பிட்டோம். உருளைக்கிழங்கைத் துருவி, துணியில் போட்டுச் சாற்றைப் பிழிந்து எடுத்துவிட்டு, கொதிக்கும் கோழி ரசத்தை ஊற்றிக் கிளறி, நடுவில் கோழிக்கறி வைத்து அடுப்பில் வேகவைப்பது. மேலே மொறுமொறு, உள்ளே ராகிக் களி மாதிரி. எனக்குப் பிடித்தது. அக்கா கைப்பையிலிருந்து ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்தாள், அப்புறம் அவளுக்கும் பிடித்தது.

வெள்ளிக்கிழமை, மேற்கு பப்னிகோ

வந்து சேர்ந்தாயிற்று. நீளமான ஒரு கடற்கழி, இரு பக்கமும் ஊர். தபால் பெட்டிகளில் தாந்த்ரமோன், அமிரோ, தெயோன், சுரெட், பெலிவோ, திரும்பவும் தாந்த்ரமோன். லாப்ஸ்டர் பருவம் நவம்பர் கடைசியில்தான் தொடங்கும் என்பதால் வீட்டு முற்றம்தோறும் கூடுகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன.

1653இல் ஃபிலிப் மியூஸ் தாந்த்ரமோனுக்கு இந்த இடம் ஜமீனாகக் கிடைத்தது, பிரெஞ்சு முறைப்படி பாரன் பட்டத்தோடு. அவர் மகன் ஒருவர், அகாடியாவின் கவர்னராக இருந்த லா தூரின் மகளை மணந்தார். பட்டம் பெயருக்குத்தான். நூறு ஆண்டில் மீன்பிடித்து, கொஞ்சம் விவசாயம் செய்து, மிக்மாக் மக்களோடு கொண்டும் கொடுத்தும் கலந்து வாழ்ந்த குடும்பமாக ஆகிவிட்டது.

1756 ஏப்ரலில் மேஜர் ஜெடிடையா பிரெபிள் தன் நியூ இங்கிலாந்துப் படையோடு பாஸ்டன் திரும்பிக்கொண்டிருந்தார். போகிற வழியில் கேப் சேபிளில் இறங்கி, முடிந்தவரை ஆட்களைப் பிடித்துக்கொண்டு போங்கள், வீடுகளைக் கொளுத்திவிடுங்கள் என்று லாரன்ஸ் சொல்லியிருந்தார். 72 பேர் பிடிபட்டார்கள். அவர்களில் பாரன் ஜாக் தாந்த்ரமோனும் மனைவி மார்கரித் அமிரோவும் பிள்ளைகளும். கடைசி மகன் பெனோனிக்கு அப்போது பத்து பதினொரு வயது இருக்கும்.

மாசசூசெட்ஸில் அகாடியர்களை ஊர் ஊராகப் பங்கு பிரித்தார்கள். அந்த ஊர் அதிகாரியின் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. பிள்ளைகளைப் பிடுங்கி ஊரார் வீடுகளில் வேலைக்கு விட்டார்கள். அதை எதிர்த்து அகாடியப் பெற்றோர்கள் அந்த 1756 ஏப்ரலிலேயே மனு எழுதினார்கள்: வீடு வாசல் போனது இதற்கு முன்னால் ஒன்றுமில்லை, எங்கள் கண்ணெதிரே பிள்ளைகளைப் பிரிக்கிறீர்கள். அந்த மனுவுக்குக் கொஞ்சம் பலன் இருந்தது, மேற்கொண்டு அப்படி விடுவது நிறுத்தப்பட்டது. ஜாக் தாந்த்ரமோன் வால்போல் என்ற ஊரில் 1759இல் இறந்தார். பாரன் பட்டம் இருந்தவர், ஊர்ச் செலவில் வாழ்ந்து முடிந்தார்.

போர் முடிந்தபின் 1766 வாக்கில் விதவைத் தாயோடு ஜோசஃப், பால், பெனோனி என்ற மூன்று சகோதரர்கள் வடக்கே கிளம்பினார்கள். கியூபெக் போவதுதான் எண்ணம். ஹாலிஃபாக்ஸில் ஒரு ஆங்கில அதிகாரி, முன்பு இவர்கள் அப்பா தன் உயிரைக் காப்பாற்றியவர் என்று அடையாளம் கண்டு, பப்னிகோவிலேயே நிலம் கிடைக்க உதவினார் என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையோ குடும்பம் பேணிவைத்த கதையோ, வந்தது உண்மை.

வந்து பார்த்தால் கழியின் கிழக்குக் கரையில், தாத்தா காலத்து நிலத்தில், நியூ இங்கிலாந்துக்காரர்கள் வீடு கட்டியிருந்தார்கள். சண்டைக்கு நிற்கவில்லை, நின்று பயனும் இல்லை. எதிர்க்கரைக்குப் போனார்கள். அதனால்தான் இன்றைய அகாடிய ஊர் மேற்கு பப்னிகோ. மாலையில் கழியோரம் நின்றால் எதிரே கிழக்கு நன்றாகத் தெரிகிறது. ஒவ்வொரு நாளும் சொந்த நிலத்தை எதிரே பார்த்துக்கொண்டு வலை உலர்த்துவது எப்படிப்பட்டது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "ரெண்டு தலைமுறை போனா பழகிடும்டா" என்றாள் அக்கா. இருக்கலாம்.

சனிக்கிழமை, மேற்கு பப்னிகோ

காலையில் வரலாற்றுக் கிராமம் என்ற திறந்தவெளிக் காட்சியகம். பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடுகள், கொல்லன் பட்டறை, மீன் கொட்டகை, ஒரு கலங்கரை விளக்கம். வேலை செய்கிறவர்கள் அந்தக் காலத்து உடையில், உள்ளூர்க்காரர்கள். தச்சு வேலை காட்டிக்கொண்டிருந்த பெரியவர் எங்களைப் பார்த்ததும் முதலில் பிரெஞ்சில் பேசினார். எங்கள் முகம் போன போக்கைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினார்.

அவரிடம் 2003ஆம் ஆண்டுப் பிரகடனம் பற்றிக் கேட்டேன். லூசியானாவைச் சேர்ந்த வாரன் பெரின் என்ற வழக்கறிஞர் 1990இலிருந்து விடாமல் கேட்டு, பலர் சேர்ந்து அழுத்தி, டிசம்பரில் அரசி எலிசபெத் பெயரில் கனடாவின் கவர்னர் ஜெனரல் கையெழுத்திட்ட பிரகடனம் அது. நடந்தது ஒப்புக்கொள்ளப்பட்டது, ஜூலை 28 நினைவு நாளானது. சட்டப்படியோ பணமாகவோ எந்தப் பொறுப்பும் இதனால் வராது என்றும் அதே காகிதத்தில் இருக்கிறது. பெரியவர் சிரித்தார். நல்லதுதான் என்றார், அதற்குமேல் ஆர்வம் காட்டவில்லை. சீமோன் கதை தெரியுமா என்று அவரே ஆரம்பித்தார்.

திரும்பி வந்த கத்தோலிக்கர்களுக்கு 1783 வரை சட்டப்படி நிலம் வாங்க உரிமை இல்லை. 1789 வரை வாக்குரிமை இல்லை. சட்டசபையில் உட்கார வேண்டுமானால் தன் மதத்தின் நம்பிக்கையையே மறுத்துப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்ற விதி 1820களில்தான் விலகியது. பெனோனி கப்பல் தலைவராகி, பிறகு அந்தப் பகுதியின் சமாதான நீதிபதியுமாகி, 1841 வரை வாழ்ந்தார். அவர் மகன் சீமோன் தாந்த்ரமோன் 1836இல் சட்டசபைக்குத் தேர்வானார். மாகாணச் சட்டசபையில் முதல் அகாடியர்களில் ஒருவர். லாரன்ஸும் சகாக்களும் முடிவெடுத்த அதே ஹாலிஃபாக்ஸ்.

விதி விலகிய பிறகும் அங்கே சீமோனிடம் அந்தப் பழைய பிரமாணத்தை நீட்டினார்களாம். இதற்குச் சத்தியம் செய்வதைவிட ஒரு முள்சுறாவை வால்பக்கமாக விழுங்கிவிடுவேன் என்றாராம். முள்சுறாவின் முதுகில் இரண்டு முள் உண்டு, பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், வால்பக்கமாக விழுங்கினால் தொண்டையில் மாட்டிக்கொள்ளும் என்று பெரியவர் கையை வளைத்துக் காட்டி விளக்கினார். மீன்பிடிக்கிற ஊர்க்காரனுக்குத்தான் அப்படிச் சொல்லத் தோன்றும். அந்தப் பிரமாணம் இல்லாமலே, சாதாரணப் பிரமாணத்தோடு சீமோன் சபையில் உட்கார்ந்தார்.